குழாயின் உள்பக்கம்

பெங்களூர் காக்ஸ் டவுனில் ஒரு ஞாயிறு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்



வீலர் ரோட்டில் ஆட்டோவை விட்டு இறங்கி நடந்து வரும்போது ஒரு கிரில் பட்டறையைத் தாண்டி வந்தேன். பையன் ஒருவன் இரும்புக் கேட்டுக்கு வெல்டிங் அடித்துக்கொண்டிருந்தான். முதலாளி பக்கத்தில் வந்து நின்றார். சுத்தியலால் நாலு தட்டுத் தட்டிக் கசடை உதிர்த்தார், கட்டைவிரலால் தடவிப் பார்த்தார், "சரி, பெயின்ட் அடி" என்றார். ஆய்வு முடிந்தது. கேலிக்காகச் சொல்லவில்லை. அந்தக் கேட்டுக்கு அந்த ஆய்வு போதும். பற்றவைத்த இடம் எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. விட்டுப்போனால் கேட்டுக்காரரே வந்து சட்டையைப் பிடிப்பார்.

நான் முப்பது வருடமாகப் பார்த்துவரும் வேலை இதற்கு நேர் தலைகீழ். ஒரு அங்குலக் குழாய்கள் இரண்டை முட்டுக்கு முட்டு வைத்துப் பற்றவைக்கிறார்கள். வெளிப்பக்கம் வெள்ளி வளையல் மாதிரி மினுங்கும். அதைப் பார்த்து மயங்க வேண்டியதில்லை. ஊசி மருந்துக்கான தண்ணீர் ஓடப்போவது உள்பக்கத்தில். ராக்கெட்டின் எரிபொருள் ஓடப்போவதும் உள்பக்கத்தில். பற்றவைத்தவன் அந்த உள்பக்கத்தைப் பார்க்கவில்லை. குழாய் நீளமானது, வளைந்து வளைந்து போவது. பார்க்காத ஒன்றை எப்படிச் சரி என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது? அதுதான் என் பிழைப்பு. இன்று பேச வந்ததும் அதைப் பற்றித்தான்.

'ஆர்பிட்டல் வெல்டிங்' என்று நோட்டீசில் பார்த்துவிட்டு, விண்வெளிப் பேச்சு என்று நினைத்து வந்த தம்பிகள் சிலர் பின்வரிசையில் இருக்கிறார்கள். எழுந்து போய்விட வேண்டாம், ராக்கெட்டும் வரும். ஆனால் ஆர்பிட் என்பது இங்கே குழாயைச் சுற்றுவது. குழாய் அசையாமல் நிற்கும். அதைக் கவ்விப் பிடித்த ஒரு மூடிய தலைக்குள் டங்ஸ்டன் ஊசி ஒரே ஒரு சுற்று வரும். கம்பி எதையும் உருக்கிச் சேர்ப்பதில்லை, குழாய்களின் விளிம்புகளே உருகி ஒன்றாகின்றன. அங்குலக் குழாய் என்றால் முக்கால் நிமிடத்தில் வேலை முடிந்தது.

1960 வாக்கில் அமெரிக்காவின் நார்த் அமெரிக்கன் ஏவியேஷன் கம்பெனியில் ராட் ரோர்பர்க் என்பவர் இந்த யந்திரத்தை உருவாக்கினார். எக்ஸ்-15 என்ற ராக்கெட் விமானத்தின் காலம் அது. நட்டுப் போட்டு இறுக்கிய குழாய் இணைப்புகள் ஒழுகுவது பெரும் தலைவலியாக இருந்தது. நட்டு என்றால் தளரும், சீல் என்றால் காயும். அடியோடு உருக்கிச் சேர்த்துவிட்டால் ஒழுக இடம் ஏது என்ற எளிய எண்ணம்தான் மூலம்.

ஒழுகல் என்றால் என்ன என்பது நமக்கும் தெரியும். 2019 ஜூலை 15 அதிகாலை, சந்திரயான்-2 புறப்படுவதைப் பார்க்க நம்மில் பலர் டிவி முன்னால் கண்விழித்து உட்கார்ந்திருந்தோம். 56 நிமிடம் இருக்கும்போது கடிகாரம் நின்றது. தொழில்நுட்பக் கோளாறு என்று இஸ்ரோ சொன்னது. கிரையோஜெனிக் பகுதியில் ஹீலியம் கசிவு என்று பத்திரிகைகள் எழுதின. ஒரு வாரம் கழித்து, 22-ஆம் தேதி கிளம்பிப் போனது. அது தரையில் இருந்ததால் சரி செய்தார்கள். மங்கள்யானை நினைத்துப் பாருங்கள். 2013 நவம்பர் 5-ல் கிளம்பியது. அதன் பெரிய எஞ்சின் சுமார் 300 நாள் சும்மா இருந்துவிட்டு, 2014 செப்டம்பர் 22 அன்று சொன்ன நேரத்துக்குப் பற்றிக்கொண்டது. அவ்வளவு நாளும் எரிபொருள் குழாய் எதுவும் ஒழுகவில்லை என்று அதற்குப் பொருள். அந்தச் செயற்கைக்கோள் எஞ்சின் வேலைகளைப் பார்க்கும் இஸ்ரோவின் திரவ உந்துவிசை மையத்தின் ஒரு பிரிவு இங்கிருந்து தூரமில்லை, எச்ஏஎல் இரண்டாம் ஸ்டேஜ் எண்பதடி ரோட்டில் இருக்கிறது. வழியில் எத்தனையோ தடவை அதைத் தாண்டிப் போயிருப்பீர்கள்.

ஒழுகலை அளக்க ஹீலியம் வைத்திருக்கிறார்கள். குழாயைச் சுற்றி ஹீலியத்தைப் பீய்ச்சுவார்கள். உள்ளே வெற்றிடமாக்கி, ஏதாவது நுழைகிறதா என்று கருவி மோப்பம் பிடிக்கும். ஒரு கன சென்டிமீட்டர் வாயு, அதாவது ஒரு சின்ன சிரிஞ்சு அளவு, கசிந்து வெளியேற முப்பது வருடம் பிடிக்கும் ஓட்டையைக்கூட அது காட்டிக்கொடுக்கும். நல்ல கருவிதான். ஆனால் ஓட்டை இருக்கிறதா என்று மட்டும்தான் சொல்லும். நாளைக்கு ஓட்டை விழுமா என்று சொல்லாது. உள்ளே கிருமி தங்க இடம் இருக்கிறதா என்றும் சொல்லாது.

யந்திரத்துக்கு வருவோம். தோசைக் கல்லில் முதல் தோசைக்கு வைக்கிற தீயைக் கடைசித் தோசைக்கு வைத்தால் கருகிவிடும், கல் சூடேறிவிட்டதல்லவா? குழாயும் அப்படித்தான். ஊசி கால் சுற்று வருவதற்குள் குழாய் முழுக்கச் சூடேறிவிடும். அதனால் சுற்றை நாலாகப் பிரித்து, கரண்டைப் படிப்படியாகக் குறைப்பார்கள். 1.65 மில்லிமீட்டர் சுவருள்ள குழாய்க்கு 65 ஆம்பியர் பக்கம் தொடங்கி இறங்கிக்கொண்டே போகும். இந்தக் கணக்கையெல்லாம் யந்திரத்தின் நினைவில் ஏற்றிவிட்டால், ஆயிரம் ஜாயின்ட்டுக்கும் அதே கணக்குத்தான். கை நடுக்கம் இல்லை, இரவு ஷிப்ட் தூக்கம் இல்லை. திருச்சியில் பாய்லர் குழாய் அடித்துப் பழகிய ஹைபிரஷர் வெல்டர்கள் இதைப் பார்த்துவிட்டு, "பொம்மை வேலை" என்று சிரிப்பார்கள். நானும் திருவெறும்பூர் பக்கத்துக்காரன்தான், ஆரம்பத்தில் சிரித்தேன்.

சிரிப்பு நின்றது எப்போது என்றால், ஒரே யந்திரம், ஒரே கணக்கு, ஒரே ஆள், ஆனால் காலையில் அடித்தது கண்ணாடி மாதிரியும் மாலையில் அடித்தது கரிபிடித்தும் வந்தபோதுதான். யந்திரம் மாறவில்லை. யந்திரத்துக்குக் கொடுத்தது மாறியிருந்தது.

முதலில் வாயு. பற்றும்போது குழாய்க்குள் காற்று இருக்கக் கூடாது. ஆர்கானை ஓடவிட்டு விரட்ட வேண்டும். பர்ஜ் போடுவது என்போம். எவ்வளவு விரட்ட வேண்டும்? அமெரிக்க வெல்டிங் சங்கம் டி18.2 என்று ஒரு வண்ணப் படம் போட்டிருக்கிறது. பத்துக் குழாய்களை உள்ளிருந்து எடுத்த படங்கள். பத்து லட்சம் பங்கில் 10 பங்கு ஆக்ஸிஜன் இருந்தால் முதல் படம், வெள்ளியாக இருக்கும். 25, 50, 100 என்று ஏற ஏற வைக்கோல் நிறம், பொன், நீலம். கடைசிப் படத்தில் 25,000 பங்கு. அதற்குமேல் போனால் கருகிய வெல்லப்பாகு மாதிரி பொரிந்து நிற்கும், கம்பெனிகளில் 'சுகரிங்' என்பார்கள். ரெண்டரை சதவீதம் ஆக்ஸிஜன் என்பது நாம் சுவாசிக்கும் காற்றில் உள்ளதில் எட்டில் ஒரு பங்குதான். அதற்கே இந்தக் கதி.

நிறத்துக்கு இவ்வளவு பயமா என்று கேட்பீர்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் துருப்பிடிக்காததற்குக் காரணம் மேலே படர்ந்த குரோமியத்தின் மெல்லிய தோல். நீலமாகிவிட்ட இடத்தில் குரோமியம் மேலே இழுக்கப்பட்டு, அடியில் குறைந்துபோயிருக்கும். அங்கேதான் அரிப்புத் தொடங்கும். மருந்துக் கம்பெனியில் ஊசி மருந்துத் தண்ணீர் சுமார் 80 டிகிரி சூட்டில் இரவு பகலாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். சில மாதங்களில் உள்ளே செம்மண் பூசியதுபோல ஒரு படலம் தெரியும். ஆசிட் விட்டுக் கழுவினால் போகும். மூலம் போகாது.

அடுத்தது உலோகம். இதைச் சொன்னால் புதியவர்கள் நம்புவதில்லை. 316எல் என்று ஒரே பெயர் போட்ட இரண்டு குழாய்கள். ஒன்றில் கந்தகம் 0.001 சதவீதம், இன்னொன்றில் 0.015. இரண்டையும் சேர்த்துப் பற்றவைத்தால் உருகிய குட்டை நடுவில் நிற்காது, கந்தகம் குறைந்த பக்கமாகச் சாய்ந்துவிடும். கந்தகம் இருந்தால் உருகிய உலோகம் உள்நோக்கிச் சுழன்று ஆழமாக இறங்கும். இல்லாவிட்டால் வெளியே பரவி அகலமாக, மேலோட்டமாக நிற்கும். இரண்டும் அக்கம்பக்கம் இருந்தால் இழுபறி. வெளியே பார்த்தால் வளையல் அழகாகத்தான் இருக்கும். உள்ளே இரண்டு விளிம்பும் சேராமல் மயிரிழைக் கோடு ஒன்று அப்படியே நிற்கும். அந்தக் கோட்டுக்குள் எந்தக் கழுவலும் போகாது, கிருமி மட்டும் போகும்.

பழைய நாளில் இந்தப் பிரச்சினை இவ்வளவு இல்லை. உலோகம் சுத்திகரிக்கும் முறை முன்னேறி, கந்தகத்தை ஒட்ட வழித்தெடுக்க முடிந்த பிறகு வந்த வினை இது. அதிகச் சுத்தமும் ஆபத்துத்தான். அதனால்தான் உயிர்மருந்துக் கருவிகளுக்காக அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம் 1997-ல் முதன்முதலாக வெளியிட்ட பிபிஇ தரநிலை, 316எல் குழாயில் கந்தகம் 0.005-க்கும் 0.017-க்கும் இடையில் இருக்க வேண்டும் என்று இரண்டு பக்கமும் வேலி போட்டிருக்கிறது. இந்த எண் உருக்காலை தரும் சான்றிதழில் இருக்கும். ஆக, வெல்டிங் ஆய்வு டார்ச் லைட்டோடு தொடங்குவதில்லை. மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சான்றிதழைப் படிப்பதில் தொடங்குகிறது. என் வீட்டுக்காரம்மா கேட்பார், "வெல்டிங் இன்ஸ்பெக்டர்னு சொல்றீங்க, எப்பப் பார்த்தாலும் பேப்பரையே பார்த்துட்டு இருக்கீங்களே?" என்று.

குழாயை நேராக அறுப்பது, முனையைச் சீவுவது, சரியாகப் பொருத்துவது பற்றியும் விதிகள் உண்டு. இரண்டு சுவரும் ஒன்றுக்கொன்று 15 சதவீதத்துக்கு மேல் விலகி நிற்கக் கூடாது என்பது போல. ஹேக்சாவால் அறுத்துவிட்டு அரத்தால் தேய்த்துச் சமாளித்த காலம் ஒன்று இருந்தது. அதைப் பேச ஆரம்பித்தால் இரவாகிவிடும்.

சரி, இத்தனையும் செய்தாயிற்று. உள்ளே பார்க்க வேண்டாமா? பார்க்கலாம். போரோஸ்கோப் என்ற கருவி இருக்கிறது, டாக்டர் வயிற்றுக்குள் விடும் என்டோஸ்கோப்பின் அண்ணன். ஆனால் எல்லா ஜாயின்ட்டுக்கும் அது எட்டாது, எட்டினாலும் நாள் போதாது. பிபிஇ தரநிலை ஒவ்வொரு குழாய் அமைப்பிலும் உள்ள ஜாயின்ட்டுகளில் குறைந்தது 20 சதவீதத்தை உள்ளே விட்டுப் பார் என்கிறது. அப்படியானால் மிச்சம் 80-க்கு யார் சாட்சி? கூப்பான்தான் சாட்சி. ஷிப்ட் தொடங்கும்போது ஒன்று, ஊசி மாற்றினால் ஒன்று, சிலிண்டர் மாற்றினால் ஒன்று, வெல்டு ஹெட் மாற்றினால் ஒன்று. அதே குழாயில் இரண்டு துண்டு நறுக்கி, அதே கணக்கில் பற்றவைத்து, அறுத்து உள்ளே பார்த்து, நம்பர் போட்டு, பையில் கட்டி வைக்க வேண்டும்.

இந்த இடத்தில் கல்பாக்கத்தை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு வருவோம், ஏனென்றால் அங்கே மிச்சம் என்று ஒன்றை விட்டுவைக்க முடியாது. அதிவேக ஈனுலையின் நீராவி ஆக்கிகளில் ஒரு பக்கம் உருகிய சோடியம், மறுபக்கம் தண்ணீர். இடையில் இருப்பது 2.3 மில்லிமீட்டர் சுவர். சோடியத்தில் தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்று பள்ளிக்கூட வேதியியல் வகுப்பில் ஒரு பட்டாணி அளவைப் போட்டுக் காட்டியிருப்பார்கள். ஒரு நீராவி ஆக்கியில் 23 மீட்டர் நீளக் குழாய்கள் 547. ஒவ்வொன்றும் இரண்டு முனையிலும் தகட்டோடு பற்றவைக்கப்பட வேண்டும். எட்டு ஆக்கிகள். பெருக்கிப் பார்த்தால் 8,752 ஜாயின்ட். ஒன்று ஒழுகினாலும் உலையை நிறுத்த வேண்டும். ஸ்காட்லாந்தின் டூன்ரேயில் இதே வகை உலை ஒன்று, குழாய்த்தகட்டு ஜாயின்ட்டுகள் ஒழுகியே பல வருடம் அல்லாடியது.

கல்பாக்கத்தார் செய்த காரியம் எனக்கு மிகவும் பிடிக்கும். குழாயைத் தகட்டின் ஓட்டைக்குள் செருகி ஓரத்தைப் பற்றவைப்பதுதான் வழக்கம். அப்படிச் செய்தால் எக்ஸ்ரே எடுக்க வழியில்லை, இடுக்கும் நிற்கும். அவர்கள் தகட்டிலேயே ஒவ்வொரு ஓட்டையைச் சுற்றியும் ஒரு சின்ன மூக்கைக் கடைந்தெடுத்தார்கள். குழாயின் முனையை அந்த மூக்கின் முனையோடு முட்டுக்கு முட்டு வைத்தார்கள். ஊசி உள்ளிருந்து சுற்றி வந்து பற்றவைத்தது. பிறகு, குச்சி போன்ற ஒரு எக்ஸ்ரே மூலத்தைக் குழாய்க்குள் விட்டு, வெளியே பிலிமைச் சுற்றி, எல்லா ஜாயின்ட்டையும் படம் எடுக்க முடிந்தது. கவனியுங்கள், ஆய்வுக்குத் தோதாக முதலில் ஜாயின்ட்டின் இடத்தையே மாற்றினார்கள். நம் ஊரில் பெரும்பாலும் ஜாயின்ட் அடித்த பிறகுதான் இன்ஸ்பெக்டருக்குப் போன் வரும். "சார், வந்து ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க" என்பார்கள்.

அப்படி ஒரு போன் வந்துதான் பல வருடம் முன்பு ஒரு மருந்துத் தொழிற்சாலைக்குப் போனேன். பெங்களூருக்கு வெளியேதான், பெயர் வேண்டாம். ஊசி மருந்துத் தண்ணீர்க் குழாய்ச் சுற்று. பாதிக்கு மேல் முடிந்திருந்தது. முந்தைய தடவை நானே போய் இருபது கூப்பான்களைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருந்தேன். இந்தத் தடவை இன்னும் பதினான்கு. வாழைப்பூ மடல் மாதிரி நீளவாக்கில் அறுத்து, உள்பக்கம் தெரிய வரிசையாக அடுக்கியிருந்தார்கள். ஒன்றுக்கொன்று குறையில்லை. மாலை ஏழு மணி, சிலிண்டர் மாற்றிய ஒன்பது மணி, ஊசி மாற்றிய பன்னிரண்டரை, விடியற்காலை ஐந்து என்று மார்க்கர் பேனாவில் அழகான கையெழுத்து.

டீ வரும்வரை சும்மா இருக்க முடியாமல் கூப்பான்களை மேசைமேல் உருட்டிக்கொண்டிருந்தேன். குழாயின் வெளிப்பக்கத்தில் நீளவாக்கில் உருக்காலைக்காரர் அச்சடித்த எழுத்து இருக்கும், தரமும் ஹீட் நம்பரும், அதாவது எந்த உருக்கில் வந்த உலோகம் என்று காட்டும் எண்ணும். ஒரு துண்டில் பாதி '6' இருந்தது. அடுத்த கூப்பானில் மீதிப் பாதி. பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். சேர்ந்தது. பதினான்கையும் அடுக்கினேன். உடைந்த சாக்பீஸ் துண்டுகளைச் சேர்த்தது மாதிரி எழுத்து ஒரே வரியாக ஓடியது.

முன்கூட்டியே ஒரு குழாயை நறுக்கித் துண்டு தயாராக வைப்பது தப்பில்லை, எல்லோரும் செய்வார்கள். ஆனால் மாலை ஏழுக்கு அடித்ததும் விடியற்காலை அடித்ததும் குழாயில் இருந்த வரிசை பிசகாமல் வருமா? அன்றைக்கு இரவு ஓடிய குழாய்களின் ஹீட் நம்பரை லாக் புத்தகத்தில் பார்த்தேன். வேறு. பத்து மணிக்கு மேல் அந்த ஹீட்டில் ஒரு குழாய்கூட ஓடவில்லை.

ஆபரேட்டர் திருப்பத்தூர்ப் பையன், இருபத்திரண்டு வயது இருக்கும். கோபப்படாமல் கேட்டேன். அவனும் மறைக்கவில்லை.

"காலையிலயே பதினாலும் போட்டு வெச்சுட்டேன் சார். நைட்ல அறுக்க ஆள் இல்ல. சூப்பர்வைசர்தான் சொன்னாரு."

"சிலிண்டர் மாத்தினப்ப எதுவும் மாறியிருக்கும்னு தோணலையா?"

"மெஷின்தானே சார் அடிக்குது? காலையில நல்லா வந்தா ராத்திரியும் அதேதானே?"

அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. நானும் ஒரு காலத்தில் பொம்மை வேலை என்று சிரித்தவன்தானே?

போரோஸ்கோப்பை உள்ளே விட்டோம். முதல் சில ஜாயின்ட் வெள்ளி. ஒன்பது மணிக்குப் பிறகு அடித்தவை மயில்கழுத்து நீலம். காரணம் தேட ஒரு நாள் ஆனது. சிலிண்டர் மாற்றும்போது பழைய ஹோஸ் எட்டவில்லை என்று, பக்கத்து லேபிலிருந்து ஒரு சிலிக்கோன் ஹோஸை வாங்கி மாட்டியிருந்தார்கள். பார்க்கக் கண்ணாடி மாதிரி சுத்தமாக இருக்கும். ஆனால் சிலிக்கோன் ரப்பர் மூச்சுவிடும் பொருள், வெளியே உள்ள ஆக்ஸிஜனும் ஈரமும் சுவர் வழியாகவே உள்ளே கசியும். ஆக்ஸிஜன் மீட்டர் இருந்தது. அதைச் சிலிண்டர் பக்கம் வைத்து அளந்திருந்தார்கள். அளக்க வேண்டியது வாயு வெளியேறும் மறுமுனையில். மீட்டர் ராத்திரி முழுக்க உண்மையைத்தான் சொன்னது, சிலிண்டரைப் பற்றி.

முப்பத்தொரு ஜாயின்ட்டை அறுத்துப் போட்டார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. நான் முன்பு கையெழுத்துப் போட்ட இருபது கூப்பான்களை அன்று மாலையே கேட்டு வாங்கி, மேசைமேல் அடுக்கிப் பார்த்தேன். பன்னிரண்டு சேர்ந்தன. ஒரு மாதத்துக்கு முன்னால் அதே மேசையில், அதே வெளிச்சத்தில், ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து உள்பக்கத்தைப் பார்த்திருக்கிறேன். வெளிப்பக்கத்தைப் பார்க்கவில்லை. உள்பக்கம்தான் முக்கியம் என்று எல்லோருக்கும் பாடம் சொல்கிறவன் நான். அந்தப் பன்னிரண்டுக்கும் உரிய ஜாயின்ட்டுகளை உள்ளே விட்டுப் பார்த்ததில் நல்லவேளையாக எல்லாம் சரியாக இருந்தன. என் ஆய்வு மட்டும் சரியாக இல்லை.

2023 டிசம்பர் 28-ல் மத்திய அரசு மருந்து விதிகளில் தயாரிப்பு முறைகளை வகுக்கும் 'எம்' அட்டவணையைத் திருத்தி வெளியிட்ட பிறகு, சின்னக் கம்பெனிக்காரர்கள்கூட என்னைக் கூப்பிட்டு, பழைய குழாய்களுக்குக் காகிதம் தயார் செய்து தர முடியுமா என்று கேட்கிறார்கள். குழாயைப் பார்த்துச் சொல்ல முடியும் ஐயா, காகிதத்தைப் பின்னால் போய்த் தயார் செய்ய முடியாது என்று சொன்னால், "தமிழ்க்காரர்னு நம்பிக் கூப்பிட்டோம்" என்று வருத்தப்படுகிறார்கள்.

இரண்டு கூப்பான் கொண்டுவந்திருக்கிறேன். ஒன்று வெள்ளி, ஒன்று நீலம். முன்வரிசையிலிருந்து அப்படியே கைமாற்றிப் பாருங்கள். அறுத்த ஓரம் கூர்மையாக இருக்கும், குழந்தைகள் கையில் கொடுக்க வேண்டாம். வெளிப்பக்கத்தில் உள்ள எழுத்தையும் பாருங்கள். முடிந்ததும் மறக்காமல் மேசைக்குத் திருப்பி அனுப்பிவிடுங்கள், திங்கட்கிழமை பீன்யாவில் பசங்களுக்கு வகுப்பு இருக்கிறது.